கிறிஸ்தவ வீட்டில் இருந்துகொண்டே விக்காவை அறிந்துகொள்வது எப்படி

ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கி, பாடகர் குழுவில் பாடி, திடப்படுத்தலும் எடுத்து வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்கு ஒரு கட்டத்தில் விக்கா என்ற இயற்கை வழிபாட்டு மதத்தின் பக்கம் மனம் போகிறது. இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களில் அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி. சொந்த ஊர் நாசரேத் பக்கம். தாத்தா உபதேசியார். இப்போது சவுத்தாம்ப்டனில் இதய நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டில் கணவர், மகள், அவ்வப்போது ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும் அம்மா. கணவர் உறுதியான விசுவாசி. ஞாயிறு மாலையில் தமிழ் ஐக்கியக் கூடுகை, இரவு சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம், சமையலறைச் சுவரில் வசன காலண்டர்.

இந்தச் சூழலில் சடங்குகளைப் படித்துக்கொள்வது பெரிய காரியமில்லை. புத்தகமும் நேரமும் இருந்தால் போதும். அம்மாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, பொய் சொல்லாமல், சண்டையும் போடாமல், தேடலையும் கைவிடாமல் இருக்கப் பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கிறது. நான் எழுதப்போவதில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

வரலாற்றிலிருந்து தொடங்குங்கள்

மெழுகுவர்த்தி வாங்குவதற்கு முன் வரலாற்றைப் படியுங்கள். பின்னால் வரப்போகும் பாதி வாக்குவாதங்களை அது முன்கூட்டியே தீர்த்துவிடும்.

விக்கா இருபதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் உருவான மதம். அதை உலகுக்குத் தெரியப்படுத்தியவர் ஜெரால்டு கார்ட்னர். 1884இல் பிறந்தவர். 1900இல் பதின்ம வயதுப் பையனாக இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் நம் மக்கள். பிறகு போர்னியோ, மலாயா. ரப்பர் தோட்டம், சுங்கத்துறை. 1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, 1938இல் தென்கரையில் உள்ள ஹைகிளிஃபில் குடியேறினார். நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியில் பழைய சூனிய மரபைக் காத்துவந்த ஒரு குழு 1939இல் தன்னைச் சேர்த்துக்கொண்டது என்பது அவர் சொன்ன கதை. அந்தக் குழு உண்மையில் எவ்வளவு பழையது என்பதில் வரலாற்றாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் கார்ட்னர் தன் புத்தகத்தை வெளியிட்டார். அவரிடம் 1953இல் தீட்சை பெற்ற டோரீன் வாலியன்டேதான் சடங்கு வாசகங்கள் பலவற்றைத் திருத்தி, கவிதையாக்கி, இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர். என்னைக் கேட்டால் விக்காவின் அழகில் பெரும்பங்கு அந்தப் பெண்மணியின் கைவண்ணம்.

கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று சூனியக்காரர்கள் வழியாக அறுபடாமல் வந்தது என்ற கோட்பாட்டை மார்கரெட் மர்ரே 1921இல் முன்வைத்தார். ஆதாரம் போதாது என்று வரலாற்றாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். ரொனால்டு ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகப் பேசுகிறது. ஒரே ஒரு வரலாற்று நூல்தான் படிக்க முடியும் என்றால் அதைப் படியுங்கள். "இது நேற்று முளைத்த மதம்தானே" என்று மாமா கேட்டால் "ஆமாம் மாமா, எழுபது எண்பது வருடம்தான்" என்று அமைதியாகச் சொல்ல உங்களால் முடிய வேண்டும். மதத்தின் வயதைக் கூட்டிச் சொல்லித்தான் அதை மதிக்க முடியும் என்பதில்லை.

அதேபோல, சூனிய வழக்குகளில் 90 லட்சம் பேரை எரித்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி வீட்டில் வந்து கொட்டாதீர்கள். ஐரோப்பா முழுவதும் சில நூற்றாண்டுகளில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 பேர் என்பது இன்றைய ஆய்வாளர்களின் கணிப்பு. அதுவே மனம் பதறவைக்கும் எண்ணிக்கைதான். இங்கிலாந்தில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களைக் கிறிஸ்தவர்களாகவே எண்ணி வாழ்ந்தவர்கள். அவர்களுடைய சாவை எடுத்து அம்மாவின் சபைக்கு எதிராக வீசுவதற்கு நமக்கு உரிமையில்லை.

நம்பிக்கைகளைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். விக்கர்கள் பெரும்பாலும் ஒரு தேவியையும் கொம்புள்ள ஒரு தேவனையும் வழிபடுகிறார்கள். சாத்தான் என்ற பாத்திரமே இதில் இல்லை. யாருக்கும் தீங்கு வராதவரை உன் மனம்போலச் செய் என்பது அறநெறி. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்பதைப் பலர் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. கார்ட்னர் மரபிலும், அலெக்ஸ் சாண்டர்ஸ் வழிவந்த மரபிலும், கோவன் எனப்படும் சிறு குழுவில் தீட்சை பெற்றால்தான் உள்ளே போக முடியும். தனியாகப் பயில்கிறவர்கள் இவர்களைவிட அதிகம். கிறிஸ்தவ வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிவழியே பொருந்தும். குறைந்தது தொடக்கத்திலாவது.

முதல் வருடம்: ஒரு நோட்டும் ஜன்னலும்

தீட்சைக்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் பயில வேண்டும் என்பது பல கோவன்களின் வழக்கம். தனியாகப் பயில்கிறவரும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது. அந்த வருடத்தில் எந்த உறுதிமொழியும் எடுக்காதீர்கள். எந்தத் தேவதைக்கும் உங்களை அர்ப்பணிக்காதீர்கள். பாருங்கள், படியுங்கள், எழுதுங்கள்.

விக்காவின் ஆண்டுச் சக்கரத்தில் எட்டுப் பண்டிகைகள். அக்டோபர் 31இல் சாவின் (Samhain). டிசம்பரில் வருடத்தின் நீண்ட இரவன்று யூல். பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளில் ஒஸ்டாரா. மே 1இல் பெல்டேன். ஜூனில் நீண்ட பகலன்று லிதா. ஆகஸ்ட் 1இல் லூனசா. செப்டம்பரில் மேபன். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால் ஒன்றும் கிடைக்காது. வெளியே போய்ப் பார்க்க வேண்டும். சவுத்தாம்ப்டனிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் பிராக்கன்ஹர்ஸ்ட். இறங்கி நடந்தால் நியூ ஃபாரஸ்ட். இம்போல்க் சமயத்தில் ஸ்னோடிராப் பூக்கள் ஈர இலைச் சருகுகளுக்குள்ளிருந்து தலைகாட்டும். பெல்டேனுக்குப் புளூபெல் பூத்து மரத்தடியெல்லாம் நீலமாகக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் அங்கே உரிமை பெற்ற குடியானவர்கள் தங்கள் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிடுவார்கள். ஓக் மரத்து விதைகளைக் குதிரைகள் தின்றால் நஞ்சு. பன்றிகள் அவற்றைத் தின்று தீர்த்துவிடும். சாலை நடுவே பன்றிகள் முறுமுறுத்துக்கொண்டு விதை பொறுக்குவதைப் பார்த்தபோதுதான் மேபன் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது.

ஊரில் ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் பூசணிக்காயும் நெற்கதிரும் சுமந்து போனவள் நான். லூனசாவும் மேபனும் எனக்கு அந்நியமாகத் தோன்றவே இல்லை. கத்தோலிக்கர் நவம்பர் 2இல் கல்லறைத் திருநாள் கொண்டாடுகிறார்கள். அதற்குச் சற்று முன்பு வரும் சாவின் இரவில் விக்கர்கள் தங்கள் முன்னோரை நினைக்கிறார்கள். இந்த ஒற்றுமைகளைக் கவனித்து நோட்டில் எழுதிவையுங்கள். ஆனால் "இரண்டும் ஒன்றுதான்" என்று வீட்டில் நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். இரண்டும் ஒன்றில்லை என்பது உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

பௌர்ணமி இரவுக்கு ஒரு சிறு வழிபாடு சொல்கிறேன். எல்லாரும் தூங்கிய பிறகு, ஜன்னல் இருக்கும் எந்த அறையிலும் செய்யலாம். ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு. ஆறுமுகநேரி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு உப்பைத் தொடும்போதே ஊர் ஞாபகம் வந்துவிடும். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சிறு மெழுகுவர்த்தி. விளக்கை அணைத்துவிட்டு, மூச்சு நிதானமாகும்வரை நில்லுங்கள். மூன்று சிட்டிகை உப்பைத் தண்ணீரில் போட்டு விரலால் வலமாகக் கலக்குங்கள். மெழுகுவர்த்தியை ஏற்றி, கிழக்கே திரும்பிக் காற்றையும், தெற்கே தீயையும், மேற்கே நீரையும், வடக்கே மண்ணையும் நினைத்து ஒரு சொல் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள், உங்கள் சொந்தச் சொற்களில். பிறகு நிலவைப் பாருங்கள். எதையும் கேட்க வேண்டாம். மனம் போதும் என்றதும் நான்கு திசைகளுக்கும் எதிர் வரிசையில் நன்றி சொல்லி, சுடரை அணைத்து, உப்புத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுங்கள். கடைசியில் கொஞ்சம் சாப்பிட வேண்டும். மரபில் ரொட்டியும் பானமும் வைப்பார்கள். என் வீட்டில் ஒரு துண்டு முறுக்கும் தேநீரும். சாப்பிட்டால் உடம்பு தன் நிலைக்குத் திரும்பும்.

மறுநாள் காலையில் அங்கே மிஞ்சியிருப்பது ஒரு டம்ளரும் ஒரு கிண்ணமும்தான். முதல் வருடத்துக்கு இதற்குமேல் பொருள் எதுவும் தேவையில்லை. மற்றவர்களை வசப்படுத்தும், விலக்கும், தண்டிக்கும் மந்திரங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். அடுத்தவர் மனத்தை அவர் சம்மதமின்றித் திருப்ப நினைப்பதே தீங்கு என்பதுதான் விக்காவுக்குள் பெரும்பாலோரின் கருத்து, என் கருத்தும்.

கத்தி, மூலிகை, நெருப்பு

அத்தாமே என்ற சடங்குக் கத்தியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி எடுத்துப் போவது குற்றம். மடக்கக்கூடிய, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத சிறு பேனாக்கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. மதக் காரணத்தைச் சொல்லிச் சட்டத்தில் வாதாடலாம் என்றாலும், பஸ்ஸில் போலீஸிடம் அதை விளக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். ஆள்காட்டி விரல் போதும். மரக்கிளை ஒன்றும் போதும்.

மூலிகை விஷயத்தில் நான் நர்ஸாகவே பேசுகிறேன். பழைய மூலிகைக் குறிப்புகளில் வரும் பென்னிராயல் எண்ணெய் ஈரலைச் சிதைத்து உயிரையே எடுத்திருக்கிறது. நியூ ஃபாரஸ்டில் ஊதா நிறத்தில் அழகாகப் பூத்து நிற்கும் ஃபாக்ஸ்கிளவ் இதயத் துடிப்பைக் குலைக்கும். நாங்கள் நோயாளிகளுக்கு மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும் டிகாக்ஸின் அதே இனச் செடிகளிலிருந்து வந்த மருந்து. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை லிதா பண்டிகை மூலிகை என்பார்கள். அதைக் கஷாயமாகவோ மாத்திரையாகவோ உட்கொண்டால் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றோடு மோதும். கர்ப்பமாக இருந்தால் மகிழம்பூ போல வாசமாக இருக்கிறதே என்று எந்த மூலிகையையும் வாயில் போடாதீர்கள். உலர்த்திக் கிண்ணத்தில் வைத்து முகர்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாடகை அறையில் சாம்பிராணியும் மெழுகுவர்த்தியும் ஏற்றினால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். விடுதியென்றால் விதிமீறல் கடிதமும் வரும். மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வைத்துச் செய்தால் எந்தத் தேவியும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வீட்டுக்குள் எப்படி இருப்பது

நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. நேராகக் கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. "நேற்று ராத்திரி என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்றால் "நிலவைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தேன்" என்பது உண்மையான பதில். புத்தகத்துக்குத் திருமறை உறை போட்டு மறைப்பது, பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேறிடம் போவது போன்றவை வேண்டாம். அது வெளிப்படும் நாளில் விக்காவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உங்கள் பொய்யைப் பற்றித்தான் பேசுவார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

தனிமைக்குச் சில ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம். குடும்பத்தோடு பகிரும் போட்டோ கணக்கில் உங்கள் படங்கள் தானாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். புத்தகங்களைக் கடைக்கே போய் வாங்குங்கள். லண்டனில் அருங்காட்சியகத் தெருவில் உள்ள அட்லாண்டிஸ் புத்தகக்கடை 1922 முதல் இயங்குகிறது, ஆள் பழகிய கடை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஐந்துமுனை நட்சத்திரம் போடாதீர்கள். பெரியம்மா பார்ப்பார், ஐந்து நிமிடத்தில் தூத்துக்குடி வரை செய்தி போய்விடும், உங்கள் அம்மாவுக்குத்தான் கடைசியாகத் தெரியவரும். பெற்றவருக்கு அந்த நிலை வரக் கூடாது. கொம்புள்ள தேவனின் படத்தையும் சுவரில் மாட்ட வேண்டாம். உங்களுக்கு அது காட்டு மானின் தலைவன். அம்மாவின் கண்ணுக்கு ஞாயிறு பள்ளிப் படத்தில் பார்த்த சாத்தான்.

குடும்ப ஜெபத்தில் நான் உட்காருகிறேன். கீர்த்தனையும் பாடுகிறேன், அவை என் தாய்மொழிப் பாடல்கள். என் முறை வரும்போது நன்றி சொல்ல வேண்டியவற்றுக்கு நன்றி சொல்கிறேன். திருவிருந்து வேறு விஷயம். நம்பிக்கை இல்லாமல் அதை எடுப்பது அந்த மேசைக்கும் எனக்கும் மரியாதையில்லை என்று முடிவெடுத்து, இருக்கையிலேயே இருந்துவிடுகிறேன். ஆங்கிலேயர் சபையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தமிழ்க் கூடுகையில் எல்லாரும் பார்ப்பார்கள். ஆகவே அன்று ஆலயத்துக்குப் போகுமுன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தீர்மானித்துவிடுங்கள். குடும்பத்தில் தெரிந்தவர் இருந்தால் அவரிடமும் சொல்லிவையுங்கள். வரிசை நகரும்போது யோசிக்க நேரமிருக்காது.

கிறிஸ்மஸை விட்டுவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். யூல் முடிந்து சில நாள்களில் கிறிஸ்மஸ் வருகிறது. முந்திரிக்கொத்து உருட்ட உட்காரும்போது யார் எந்தப் பண்டிகைக்கு உருட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சொல்லும் நேரம்

எல்லாரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சொல்வதென்றால் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கணவரோ மனைவியோ முதலில். பிறகு உடன்பிறந்தவர்களில் வாய் காப்பவர். பெற்றோர் அதற்குப் பிறகு. போதகரிடமும் சபை மூப்பரிடமும் நீங்களாகப் போய்ச் சொல்வதால் எந்த நன்மையும் இல்லை. பண்டிகை நாள், கல்யாண வீடு, துக்க வீடு இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கோபத்தில் வாய்தவறிச் சொல்லும் வார்த்தையாகவும் அது இருக்கக் கூடாது.

நான் அம்மாவிடம் சொன்னது சமையலறையில். அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். கைக்கு வேலை இருந்தால் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்ற நெருக்கடி இருக்காது.

"நீ இயேசப்பாவை விட்டுவிட்டாயா?" என்று கேட்டார்.

"நான் வேறு வழியில் தேடிக்கொண்டிருக்கிறேன் அம்மா. பூமியையும் நிலவையும் பார்த்து ஜெபிக்கிற வழி. அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை."

"பிசாசுக்கு ஏதாவது செய்கிறாயா?"

"இல்லை. இதில் பிசாசும் கிடையாது, யாருக்கும் செய்வினை வைப்பதும் கிடையாது."

உரித்த வெங்காயத்தை எல்லாம் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றினார். தோலை ஒதுக்கினார். பிறகு, "பிள்ளையை?" என்றார்.

"அவளை ஞாயிறு பள்ளிக்கு நானே கூட்டிப்போவேன். வளர்ந்த பிறகு அவள் முடிவெடுக்கட்டும்."

"நான் ஜெபிப்பேன். அதை நீ தடுக்கக் கூடாது."

"தடுக்க மாட்டேன் அம்மா."

அன்று பேசியது அவ்வளவுதான். இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, அவர் கேள்விகளின் வரிசை. நம் அம்மாக்களுக்கு முதலில் வருவது உங்கள் ஆத்துமாவைப் பற்றிய பயம், அடுத்து பேரப்பிள்ளைகளைப் பற்றிய பயம், கல்யாணமாகாத பிள்ளையென்றால் சம்பந்தம் அமையுமா என்ற பயம், சபையில் தலைகாட்ட முடியுமா என்ற பயம். விக்காவின் தத்துவத்தைக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை. எந்தப் பயத்திலிருந்து கேட்கிறார் என்று கண்டுபிடித்து அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அதுவும் குறைவான சொற்களில்.

வசனம் காட்டுவார்கள். யாத்திராகமம் 22:18, உபாகமம் 18ஆம் அதிகாரம், எந்தோரில் சவுல் ராஜா அஞ்சனம் பார்க்கிறவளைத் தேடிப்போன கதை. மூன்றும் நமக்கு மனப்பாடம். எபிரெய மூலத்தில் அதன் அர்த்தம் வேறு என்று வாதாடிப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் ஜெயித்தாலும் அம்மாவின் கண்ணீர் நிற்காது. "அந்த வசனம் எனக்குத் தெரியும் அம்மா. நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள் என்றும் புரிகிறது" என்பது போதும். உங்களுக்காக அவர்கள் நம்புகிற கடவுளிடம் உங்கள் பெயரைச் சொல்லி மன்றாடுவது அன்பின் செயல். அதை அன்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். எல்லையை மட்டும் தெளிவாக வையுங்கள்: தன் அறையில் ஜெபிக்கலாம், என் அறையில் என்னைக் கேட்காமல் ஜெப எண்ணெய் பூசக் கூடாது, என் தலையில் கை வைக்க என் சம்மதம் வேண்டும், போதகரைச் சொல்லாமல் வீட்டுக்கு வரவழைக்கக் கூடாது.

நிலைமை கெட்டால்

நீங்கள் பதினெட்டு வயது நிரம்பாதவரென்றால், வீட்டை நம்பி வாழ்கிறவரென்றால், படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியில் குழு தேட வேண்டாம். பொறுப்புள்ள எந்தக் கோவனும் சிறுவர்களுக்குத் தீட்சை தராது. தருகிறோம் என்று சொல்கிறவர்களை விட்டு ஓடுங்கள்.

பிசாசு பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிப் பட்டினி போடுவது, அடிப்பது, பூட்டிவைத்து விடுதலை ஜெபம் நடத்துவது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி ஊருக்கு அனுப்பப் பார்ப்பது இவையெல்லாம் பிரிட்டனில் குழந்தைப் பாதுகாப்பின் கீழ் வருகின்றன. 2000ஆம் ஆண்டில் எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே லண்டனில் இறந்த வழக்கிலும், 2010இல் பதினைந்து வயது கிறிஸ்டி பாமு கொல்லப்பட்ட வழக்கிலும், பிசாசு, சூனியம் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அதன் பிறகு 2012இல் அரசு இதற்கென ஒரு செயல்திட்டமே வெளியிட்டது. பள்ளி ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் இது தெரியும், அவர்களிடம் சொல்லலாம். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்டுலைன் எண் 0800 1111, அழைப்பு இலவசம். உடனடி ஆபத்தென்றால் 999. குடும்ப மானம் போகுமே என்று யோசித்து நாள் கடத்தாதீர்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். பூட்டிய கதவு யாருக்கும் ஜெபம் ஆகாது.

வேலையிடத்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மத நம்பிக்கை காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. எந்த மதமும் இல்லாதவருக்கும் அதே பாதுகாப்பு. சாவினுக்கு விடுப்பு கேட்கலாம், கிடைத்தே தீரும் என்று இல்லை. நோயாளியிடம் நம் நம்பிக்கையைப் பேசக் கூடாது என்ற விதி என் கிறிஸ்தவத் தோழிகளுக்கும் எனக்கும் பொது, அதை நான் மனமார ஏற்கிறேன்.

துணை தேடும்போது

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 பேர் தங்களை விக்கா என்றும், 74,000 பேர் பேகன் (விக்கா போன்ற இயற்கை வழிபாட்டு மரபுகளுக்கான பொதுப் பெயர்) என்றும் எழுதியிருந்தார்கள். 1971இல் தொடங்கிய பேகன் ஃபெடரேஷன் பதினெட்டு வயதானவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதன் வழியாக உங்கள் ஊரில் நடக்கும் கூடுகைகளை அறியலாம். மூட் என்று சொல்வார்கள். பெரும்பாலும் பப்பில் ஓர் ஓரத்து மேசையைச் சுற்றி நடக்கும் பேச்சு. சாராயக்கடை வாசலை மிதிக்காமல் வளர்ந்த நமக்கு முதலில் கால் கூசும். எலுமிச்சைச் சாறு வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

தமிழ் முகத்தைப் பார்த்ததும் காளியைப் பற்றிக் கேட்பார்கள். "நான் கிறிஸ்தவ வீட்டுப் பெண், காளி வழிபாடு எனக்குத் தெரியாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். தெரிந்ததுபோல் பேசி அவர்கள் ஆசைக்குத் தீனி போட்டால், அந்தத் தெய்வத்தை உண்மையாகக் கும்பிடுகிற நம் பக்கத்து வீட்டாருக்கு நாம் செய்யும் அவமரியாதை அது.

கோவனில் சேரும் பேச்சு வந்தால் முன்கூட்டியே சில கேள்விகள் கேளுங்கள். கார்ட்னர் மரபுக் குழுக்கள் பலவற்றில் சடங்கு ஆடையின்றி நடக்கும். இதைக் கடைசி நாளில் தெரிந்துகொள்ளக் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அங்கியோடு செய்யும் குழுக்கள் இருக்கின்றன. தீட்சைக்குப் பணம் கேட்பது மரபுக்கு விரோதம். உடலுறவைத் தீட்சையின் நிபந்தனையாக்குகிறவர், குடும்பத்தோடு பேச்சை நிறுத்தச் சொல்கிறவர், உங்கள் அம்மாவின் மதத்தை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவர், இவர்கள் யாரிடமும் பயிலாதீர்கள். முதல் சந்திப்பு பொது இடத்தில் இருக்கட்டும், எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஒருநாள் ஓய்வெடுத்துப் போய்வர நியூ ஃபாரஸ்டில் பர்லி கிராமம் இருக்கிறது. சிபில் லீக் என்ற சூனியக்காரி 1950களில் காக்கை இனப் பறவை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நடமாடிய ஊர். இப்போது பரிசுப்பொருள் கடைகள் அதிகம். ஆழமாகப் பார்க்க விரும்பினால் கார்ன்வாலின் பாஸ்காசிலில் உள்ள சூனிய, மந்திர அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1960 முதல் அங்கே இருக்கிறது. 2004 வெள்ளத்தில் சேதமடைந்து மறுபடி எழுந்து நின்ற இடம்.

அந்த ஒரு வருடமும் ஒரு நாளும் முடிந்த பிறகு இது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றலாம். பழைய சபைக்கே திரும்பலாம், எதிலும் சேராமலும் இருக்கலாம். நீங்கள் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை, ஆகவே எதையும் முறிக்கவும் இல்லை. யாரும் சாபமிட மாட்டார்கள். புத்தகங்களை மூட் கூடுகைக்கு அடுத்து வரும் புதியவரிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.